மறு: பான்டில் மார்க்: தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம். அமெரிக்காவின் தொடக்ககாலக் கண்ணாடிப் பட்டறைகள் பற்றிய கட்டுரை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பக்கத்துக்குப் பக்கம் 'பான்டில் மார்க்' வருகிறது. ஊதிய குப்பிக்கு வாய் அமைக்க, அதை ஊதுகுழலிலிருந்து பிரித்தாக வேண்டும். பிடிமானத்துக்காக, உருகிய கண்ணாடியைத் துளி தொட்ட இரும்புக் கம்பியை (இதுதான் பான்டில்) அடியில் ஒட்டுவார்கள். வாயைத் திரும்பச் சூடாக்கி விளிம்பைச் சீர் செய்த பிறகு கம்பியைத் தட்டிப் பிரிப்பார்கள். அடியில் சொரசொரவென்று ஒரு தடம் நிற்கும், விரலைக் கீறும். அதற்கு என்ன சொல்?

---

> அதற்கு என்ன சொல்?

முறிவடு. வினைத்தொகை, சுருக்கமானது.

---

வடு சரியா ஐயா? குறளில் தீயினாற் சுட்டது ஆறும் புண். நாவினாற் சுட்டதுதான் வடு. உலைக்களத்து வேலைக்குத் 'தழும்பு' போதும். ஒட்டுத்தழும்பு என்கிறேன்.

---

அது சுட்டதால் வந்த வடு இல்லையே, முறித்ததால் வந்தது. ஆனால் 'முறி'யிலும் சிக்கல் உண்டு. விலை உயர்ந்த பாத்திரங்களில் அந்த இடத்தைச் சாணை பிடித்து வழவழப்பாக்கிவிடுவார்கள். வட்டமாக ஒரு குழிவுதான் மிஞ்சும். ஆகவே கொப்பூழ். கொடி அறுந்த இடம் போல, கம்பி அறுந்த இடம்.

---

மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவள் சொல்கிறேன்: கொப்பூழ் என்றால் வகுப்பே சிரிக்கும். பான்டில் என்றே எழுதுங்கள். 1739இல் நியூ ஜெர்சியில் பட்டறை போட்ட காஸ்பர் விஸ்டார் வரவழைத்ததே ஜெர்மன் தொழிலாளர்களைத்தான். சொல்லோ பிரெஞ்சு வழி வந்தது. ஆங்கிலத்தாரே கடன் வாங்கியதை நாம் வாங்கினால் என்ன குறை?

---

கடன் வாங்கிக்கொண்டே போனால் அடுத்த சொல்லுக்கு என்ன செய்வீர்கள் அம்மா? 1783இல் கனெக்டிகட்டில் உரிமம் பெற்ற பிட்கின் குடும்பத்தின் பெயரால் அறியப்படும் குப்பிகளைப் பாருங்கள். ஊதத் தொடங்கிய கண்ணாடியை மறுபடி உருகலில் கழுத்துக்குக் கீழ்வரை மட்டும் முக்குவார்கள். தோளில் மெல்லிய வரம்பு கைக்குத் தட்டுப்படும். அதை 'ஹாஃப் போஸ்ட்' என்றே விடுவதா? அரைத்தோய்வு என்று எழுதினால் செய்முறையே கண்முன் வருகிறது.

---

அரைமுக்கு என்றால் இன்னும் எளிது.

---

தெருமுக்கு நினைவுக்கு வரும். அரைத்தோய்வே இருக்கட்டும்.

---

நண்பர்களே, நாள் நெருங்கிவிட்டது. பெரும்பாலோர் ஏற்ற 'அடிவடு' என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் 'பான்டில்' சேர்த்திருக்கிறேன். அரைத்தோய்வும் உள்ளே போய்விட்டது.

---

அச்சேறட்டும், என் மறுப்பு பதிவாகட்டும். 1850களில் அமெரிக்கப் பட்டறைகளில் குப்பியைக் கவ்விப் பிடிக்கும் வில்விசைக் கருவி பரவியது. கம்பி ஒட்டும் வழக்கம் மெல்ல ஒழிந்தது. குப்பியின் வயதைக் கணிக்க இந்தத் தடம் ஒரு முக்கியத் தடயம். அச்சில் ஊதிய பிற்காலப் புட்டியின் அடியிலும் அச்சுக்கோடு விழும். அதையும் ஒருவர் அடிவடு என்று படித்தால் காலக்கணிப்பே தடம் புரளும். கம்பியைச் சொல்லாத சொல் எனக்கு உடன்பாடில்லை.