ஐப்பசியில் அளந்த ஊற்றை நம்பி மலைக்குக் குழாய் போடலாமா?

ரப்பர்க்காடு:
குமரி மாவட்டத்தில் பேச்சிப்பாறை அணைக்கு மேலே இருக்கும் ஒரு குடியிருப்புக்கான குடிநீர்த் திட்டத்தைப் பற்றி நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "வற்றாத ஊற்று இருக்கிறது, 20 லிட்டர் வாளி 25 நொடியில் நிறைகிறது, குழாய் போட்டால் வேலை முடிந்தது" என்கிறார். அளந்தது ஐப்பசி மாதம். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற நம் மாவட்டத்தில், ஐப்பசியில் ஒவ்வொரு பாறை இடுக்கும் ஊற்றாகத்தான் தெரியும். பங்குனியில் அதே வாளியை வைத்து அளந்த கணக்கைக் காட்டுங்கள்.

மலைச்சரிவு:
எழுதியவன் நான்தான். 60 வீடு, 300 பேர். வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுப்படி ஆளுக்கு 55 லிட்டர் என்றால் நாளொன்றுக்கு 16,500 லிட்டர் போதும். ஊற்றில் கிடைப்பது 69,000 லிட்டருக்கு மேல். கோடையில் நாலில் ஒன்றாகக் குறைந்தாலும் தேவைக்கு மிஞ்சும். எங்கள் ஊரில் பிறக்காதவர் எங்கள் ஊற்றுக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

ரப்பர்க்காடு:
நாலில் ஒன்று என்பதை எந்தப் பங்குனியில் பார்த்தீர்கள்? எங்கள் ஊர் ஊற்றையும் வற்றாதது என்றுதான் சொன்னார்கள். மழைக்காலத்தில் அரை நிமிடத்தில் நிறைந்த வாளி, ஒரு கோடையில் நிறைய நாலு நிமிடத்துக்கு மேல் ஆனது. என் அம்மா அந்த வாளியின் பக்கத்திலேயே குத்தவைத்துக் காத்திருந்தார். உங்கள் ஊற்றும் அப்படிப் பத்தில் ஒன்றானால் 6,900 லிட்டர், ஆளுக்கு 23 லிட்டர். குளிக்கவா, சமைக்கவா?

வால்வுக்காரன்:
இருபது வருடமாக மலையில் குழாய் போடுகிறவன் என்ற முறையில் கேட்கிறேன். ஊற்றுக்கும் ஊருக்கும் உயர வேறுபாடு 110 மீட்டர் என்று மலைச்சரிவு எழுதியிருந்தார். பத்து மீட்டருக்கு, சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம். அடிவாரத்தில் வால்வை மூடினால் 11 கிலோ. அவர் வாங்கச் சொல்லும் கறுப்புக் குழாய் 6 கிலோ தாங்குவது. நடுவழியில் அழுத்தம் குறைக்கும் தொட்டி ஒன்றைக் கட்டாவிட்டால், முதல் நாள் இரவு வால்வை மூடியதுமே கீழ்ப்பகுதிக் குழாய் பிளந்துவிடலாம்.

ரப்பர்க்காடு:
தொட்டி கட்டுங்கள், தம்பி. பங்குனியில் அதில் எதை நிரப்புவீர்கள்?

வால்வுக்காரன்:
என்னைத் தம்பி என்று அழைக்க வேண்டாம், எனக்கு வயது ஐம்பத்திரண்டு. போன வருடம் செக்டேம் (தடுப்பணை) விவாதத்திலும் நான் சொன்ன அளவைக் கேட்காமல் இப்படித்தான் பேசினீர்கள். அதை நான் மறக்கவில்லை.

குலசேகரத்து டீச்சர்:
மழைநாளில் வருகிற கலங்கல் தண்ணீரைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே! கலங்கிய நீரில் பிளீச்சிங் பவுடர் போட்டு அவ்வளவாகப் பயனில்லை. மணல் வடிகட்டி முன்னால் வேண்டும், கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்ச வேண்டும். கோடைப் பற்றாக்குறைக்கு அணையிலிருந்து மோட்டார் வைத்து ஏற்றினால் என்ன?

மலைச்சரிவு:
டீச்சர், 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயலில் மின்கம்பங்கள் சாய்ந்து நாள் கணக்கில் இருட்டில் கிடந்தோம். மோட்டாரை நம்பியிருந்தால் அன்று குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இருந்திருக்காது. தானாக இறங்கி வரும் தண்ணீர்தான் மலைக்கு நம்பிக்கை.

ரப்பர்க்காடு:
தானாக இறங்குவதற்கு மேலே தண்ணீர் இருக்க வேண்டும். மாசியிலிருந்து கோடைமழை விழும்வரை வாரம் ஒருமுறை, ஒரே வாளி, ஒரே இடம், மூன்று தடவை அளந்து நோட்டில் எழுதுங்கள். மிகக் குறைந்த அளவை வைத்துத் திட்டம் போடுங்கள். அதற்கு முன்னால் குழாய்க்கு ஒரு ரூபாய் செலவழித்தாலும் அது ஊர்க்காசு.

மலைச்சரிவு:
பங்குனி, கோடை என்று இதோடு நாலாவது முறை. அடுத்த கோடைவரை எங்கள் பெண்கள் குடம் சுமக்கட்டும் என்கிறீர்களா? என் தாத்தா காலத்திலேயே வற்றாத ஊற்று அது. வேலை தை மாதம் தொடங்கும்.

வால்வுக்காரன்:
தொடங்குங்கள். 6 கிலோ குழாயா, 12 கிலோ குழாயா என்பதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.

ரப்பர்க்காடு:
தாத்தா எந்த மாதத்தில் அளந்தார்?