வேலையில் சொந்த யோசனைக்கு இடமே இல்லையா?

ஆம்பூர்\_சாம்பிள்:
வணக்கம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் செக்ஷனில் பேட்டர்ன் வெட்டுகிறேன். வெளிநாட்டு பையர் படமும் அளவும் அனுப்புவார், மில்லிமீட்டர் பிசகாமல் அதை அப்படியே எடுத்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. நானாக ஒரு லோஃபர், அதாவது கயிறு கட்டாத ஷூ, வரைந்து, முன்பக்கத் தையலை மாற்றி, கழிவுத் தோலில் ஒரு ஜோடி தைத்தும் காட்டினேன். மேனேஜர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு, ஆர்டர் யாரு கொடுப்பா?" என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான். வீட்டிலோ மாதச் சம்பளம் ஒழுங்காக வருதே, உனக்கு எதுக்கு இதெல்லாம் என்கிறார்கள். ஆனால் மனசு அடங்கவில்லை. எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி கல்யாண மேடை, ஒரே மாதிரி வீட்டு முகப்பு, எல்லாப் பிள்ளைக்கும் ஒரே கோர்ஸ். இப்போது படம் வரைவதற்கும் ஏஐ வந்துவிட்டது. தனித்தன்மை, படைப்பாற்றல் என்பதெல்லாம் மேடையில் பேச மட்டும்தானா? நிஜமாகவே யாருக்காவது அது வேண்டியிருக்கிறதா?

செய்யாறு\_கூத்து\_ரசிகர்:
வேண்டியிருக்கிறது தம்பி. எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். கதை ஊருக்கே தெரியும், துரியோதனன் விழுவான் என்பது மடியில் தூங்கும் குழந்தைக்குக்கூடத் தெரியும், அப்புறமும் ஏன் ஜனம் உட்கார்ந்திருக்கிறது? கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் இன்றைக்கு என்ன சொல்லப் போகிறான் என்பதற்காகத்தான். ராஜா திரைக்குப் பின்னால் நின்று பாடுவார், இவன் முன்னால் வந்து ரேஷன் கடை, மழை இல்லாதது, ஊர்ப் பஞ்சாயத்து எல்லாவற்றையும் இழுத்துக் கதைக்குள் போடுவான். அதை எந்த வாத்தியாரும் எழுதிக் கொடுப்பதில்லை. ஆனால் ஒன்று, அடவும் தாளமும் பாட்டும் வருஷக்கணக்கில் உடம்பில் ஏறியவனுக்குத்தான் அந்தத் துணிச்சல் வரும். புரிசை ஊர்க் கூத்துக் குழுவைப் பாருங்கள், கண்ணப்பத் தம்பிரான் வழியில் வந்தவர்கள், பரம்பரைக் கூத்தை விடாமல் ஆடிக்கொண்டே கொலம்பியா எழுத்தாளர் மார்க்வெஸின் சிறகு முளைத்த கிழவன் கதையையும் கூத்தாக்கினார்கள். கூத்துக்கு ஊதும் குழலான முகவீணையை எடுத்துவிட்டு வேறு எதையும் சேர்க்கவில்லை, இருந்த கட்டுக்குள்ளேயே புதுக்கதையை நுழைத்தார்கள். நீங்கள் மில்லிமீட்டர் பிசகாமல் வெட்டக் கற்றதை வீண் என்று நினைக்காதீர்கள், அந்தக் கை இல்லாமல் உங்கள் லோஃபர் காலில் நிற்காது.

காட்பாடி\_டீச்சர்:
எனக்குக் கவலையே பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான். படம் வரையச் சொன்னால் வகுப்பே இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓர் ஆறு, ஒரு தென்னைமரம் என்று வரைந்து நீட்டும். எங்கள் பாலாற்றில் தண்ணீர் ஓடி அந்தப் பிள்ளைகள் எத்தனை தடவை பார்த்திருக்கும்? ஒருநாள் "உங்க தெருவில் காலையில் என்ன நடக்குதோ அதை வரையுங்க" என்றேன். வங்காளத்திலிருந்தும் நோயாளிகள் வந்து தங்கும் வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துச் சந்தில் குடியிருக்கும் ஒரு பையன் லாட்ஜ் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவரை வரைந்திருந்தான், மடியில் எக்ஸ்ரே கவர், தலைக்கு மேலே வங்காள எழுத்துப் போர்டு. அந்த எழுத்து அவனுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் தினமும் பார்த்த வளைவெல்லாம் சரியாக விழுந்திருந்தது. அன்று அந்தப் படத்தை விட்டு எனக்குக் கண்ணை எடுக்க முடியவில்லை. கண் முன்னால் இருப்பதைத் தானே பார்க்கிற பிள்ளையால்தான் நாளைக்கு ஒரு தப்பைத் தப்பு என்று சொல்ல முடியும், ஒரு நோயாளியின் கஷ்டம் எங்கே என்று கவனிக்க முடியும். சமுதாயத்துக்குத் தனித்தன்மை எதற்கு என்று கேட்டால் இதற்குத்தான் என்பேன். ஏஐ பற்றிப் பயப்படாதீர்கள். அந்தச் சந்தில் அது குடியிருக்கவில்லை.

ஆரணி\_தறி:
எல்லாம் நல்ல பேச்சுதான், ஆனால் கூலியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. நாங்கள் பட்டு நெசவு. சேலையில் போடும் பூவேலையான புட்டாவைப் புதுசாக யோசித்து, கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகப் போட்டு, தறிக்கு அந்த வடிவத்தைச் சொல்லும் துளையிட்ட ஜக்கார்டு அட்டை அடித்து, முதல் சேலை தறியை விட்டு இறங்குவதற்குள் கண்ணே பூத்துவிடும். கடைக்குப் போன கொஞ்ச நாளில் அதே புட்டா விசைத்தறியில் பாதி விலைக்கு வந்து நிற்கும். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு, அது ஊரின் பெயரைக் காப்பாற்றும், எங்கள் அப்பா யோசித்த புட்டாவைக் காப்பாற்றாது. படைப்பாற்றல் வேண்டும் என்கிற சமுதாயம் யோசித்தவனுக்குக் காசும் பெயரும் தரட்டும், அப்புறம் பாருங்கள் எத்தனை பேர் புதுசு புதுசாக நெய்கிறார்கள் என்று.

ஆம்பூர்\_சாம்பிள்:
டீச்சர் சொன்ன பையன் மனசிலேயே நிற்கிறான். ஆரணி அண்ணா, அப்படியென்றால் என் மாடலை வெளியே காட்டவே கூடாதா?

ஆரணி\_தறி:
காட்டு தம்பி, ஆனால் முறையாகக் காட்டு. 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. புது வடிவத்தைப் பதிவு செய்தால் பத்து வருஷம் உரிமை, அப்புறம் இன்னும் ஐந்து வருஷம் நீட்டிக்கலாம். ஏற்கனவே வெளியே வந்த வடிவத்தை ஏற்க மாட்டார்கள், அதனால் பதிவுக்கு மனு போடும் முன்னே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிடாதே. கம்பெனி நேரத்தில், கம்பெனித் தோலில் செய்தது என்றால் உரிமை யாருக்கு என்ற கேள்வி வரும். வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட தாளை முதலில் எடுத்துப் படி. அடுத்த ஜோடியைச் சொந்தக் காசில் தோல் வாங்கி வீட்டில் வைத்துத் தைத்துவிடு.