அலுமினா வில்லை: மூடி கழல்கிறது, இரண்டு முறையில் எடுத்த அடர்த்தியும் ஒத்துவரவில்லை

புதுஉலை கேட்டது:

பொருளறிவியல் இளநிலை மாணவர்களுக்கு செராமிக்ஸ் ஆய்வகப் பாடம் நடத்த வேண்டும். வாரம் ஒரு வகுப்பு, 3 மணி நேரம், 24 பேர். அதே பொடியிலும் உலையிலும்தான் என் சின்டரிங் (பொடியை உருக்காமல் சுட்டு இறுகச் செய்வது) ஆய்வும் தொடங்கப் போகிறது.

இப்போதைய முறை: 99.8% அலுமினா (அலுமினியம் ஆக்சைடு), துகள் அளவு 0.4 மைக்ரான். பைண்டராக (பொடியை ஒட்டவைக்கும் பொருளாக) 2% பிவிஏ, அதாவது பாலிவினைல் ஆல்கஹால். 13 மி.மீ. டை (பொடியை அழுத்தும் அச்சு), ஒரு வில்லைக்கு 1 கிராம், ஒருபக்க அழுத்தம் 5 டன். நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் 1550 டிகிரி வரை, அங்கே 2 மணி நேரம்.

பிரச்சினைகள்: பத்தில் மூன்று வில்லைகள் டையிலிருந்து வரும்போதே மேல்பகுதி மூடி மாதிரி கழன்றுவிடுகிறது. சில சுட்ட பிறகு ஓரத்தில் வெடிக்கின்றன. துளையே இல்லாத அலுமினாவோடு ஒப்பிட்டால், வெர்னியரில் அளந்த அடர்த்தி 91%, நீரில் மூழ்கவைத்து நிறுக்கும் ஆர்க்கிமிடிஸ் முறையில் 98.9%. எதை நம்புவது? மாணவர்கள் எடுக்கும் அளவுகளை ஆய்வில் சேர்க்கலாமா?

---

சூளைக்கல்:

முதலில் அந்த 5 டன்னைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 13 மி.மீ. டையின் பரப்பு 133 சதுர மி.மீ. அதன்மேல் 5 டன் என்றால் 370 மெகாபாஸ்கல். உங்களுக்கு 80 முதல் 100 போதும்; 100 மெகாபாஸ்கலுக்கு 1.35 டன்தான் வேண்டும். அளவி காட்டுவது டன்னா, எண்ணெய் அழுத்தமா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். பார் (bar) என்ற அழுத்த அலகு போட்டிருந்தால், எண்ணெய் தள்ளும் உருளைத் தண்டின் (ராம்) பரப்பால் பெருக்கினால்தான் விசை வரும்.

இந்த 5 டன் பழக்கம் பெரும்பாலும் அகச்சிவப்பு நிறமாலைக்கு அழுத்தும் பொட்டாசியம் புரோமைடு வில்லையிலிருந்து வருவது. அந்த உப்பு அழுத்தத்தில் வழிந்து இடம் பிடித்துக்கொள்ளும். அலுமினாத் துகள் அப்படி இல்லை. மீள்தன்மையோடு இறுகி, விட்டதும் விரியும். டையிலிருந்து வெளியே வந்த பகுதி விரிய, உள்ளே இருக்கும் பகுதி இன்னும் இறுக்கத்திலேயே இருக்க, இரண்டுக்கும் நடுவில் கிடைமட்டமாக வெட்டு விழுகிறது. உங்கள் மூடி அதுதான்.

மாற்ற வேண்டியவை: அழுத்தத்தை மெல்ல ஏற்றி, உச்சத்தில் 30 விநாடி நிறுத்தி, அதைவிட மெல்ல இறக்குங்கள். ஸ்டியரிக் அமிலத்தை அசிட்டோனில் 2% கரைத்து டைச் சுவரில் பஞ்சால் ஒரு பூச்சு, காய்ந்த பிறகு பொடி. வெளியே தள்ளும்போது பொடியை அழுத்தும் மேல் தண்டின்மீது (punch) லேசான பளு இருக்கட்டும். டை வாய் கூர்மையாக இருந்தால் பட்டறையில் கொடுத்து மிகச் சிறிய சரிவு வைத்து வாங்குங்கள். பலர் கவனிக்காத இடம் அது.

பைண்டரை 1% ஆக்குங்கள். 100 கிராம் பொடிக்கு 5% கரைசல் 20 கிராம். பிவிஏவைக் குளிர்ந்த நீரில் தூவிக் கலக்கிவிட்டு, பிறகு 85–90 டிகிரிக்குச் சூடாக்குங்கள். நேரே வெந்நீரில் கொட்டினால் வெளிப்புறம் பசையாகி உள்ளே கட்டி நிற்கும். கரைசல் கலந்து குருணையாக்கிய பொடியை ஈரமே இல்லாமல் காய வைக்காதீர்கள்: பிவிஏவுக்கு ஈரம்தான் இளக்கி, முற்றிலும் காய்ந்தால் குருணை கல்லாகி, அழுத்தினாலும் நசுங்காமல் நிற்கும். அந்தக் குருணைகளுக்கு இடையிலான இடைவெளி எந்த வெப்பத்திலும் மூடாது.

வில்லை முழுதாகத் தெரிந்தாலும் சுடுமுன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். மற்ற இடம் உலர்ந்த பிறகும் வெட்டு மட்டும் ஈரக் கோடாக நிற்கும். அப்படிப்பட்டதை உலையில் வைத்துப் பயனில்லை, அந்த வெட்டு சுட்டாலும் ஒட்டாது.

---

தராசுமுள்:

அடர்த்தி பற்றி மட்டும் சொல்கிறேன். 98.9% வருகிறதென்றால் நீங்கள் உலர் எடையையும் மூழ்கிய எடையையும் மட்டும் வைத்துக் கணக்கிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்தச் சூத்திரம் திறந்த துளைகளைக் கன அளவிலிருந்தே கழித்துவிடும். மூன்றாவது எடை வேண்டும்: நீர் ஊறிய வில்லையைக் காற்றில் நிறுத்தது.

ஓர் எடுத்துக்காட்டு. உலர் எடை 1.0000, மூழ்கிய எடை 0.7467, ஊறிய எடை 1.0067 கிராம், நீர் 25 டிகிரி, அடர்த்தி 0.997.

சரியான கணக்கு: 1.0000 ÷ (1.0067 − 0.7467) × 0.997 = 3.835. அலுமினாவின் கோட்பாட்டு அடர்த்தி 3.98, ஆக 96.3%. திறந்த துளை 0.0067 ÷ 0.2600, அதாவது 2.6%.

தவறான கணக்கு: 1.0000 ÷ (1.0000 − 0.7467) × 0.997 = 3.936. அதாவது 98.9%. வில்லை ஒன்றே, சூத்திரம்தான் வேறு.

வெர்னியர் எதிர்ப்பக்கம் பிழை செய்யும். அதன் தாடை எப்போதும் மேடான இடத்தைத்தான் தொடும். ஓரம் உடைந்திருந்தாலும் இடை ஒடுங்கியிருந்தாலும் அது பார்க்காது. கன அளவு கூடும், அடர்த்தி குறையும்.

1 கிராம் வில்லையில் ஊறிய எடைதான் ஆபத்தான படி. 5 மில்லிகிராம் நீர் கூடுதலாக ஒட்டியிருந்தால் 96.3 என்பது 94.5 ஆகிவிடும். காய்ந்த துணியால் துடைத்தால் துளைக்குள் இருக்கும் நீரையும் இழுத்துவிடும். நனைத்துப் பிழிந்த துணியில் ஒருமுறை உருட்டி, உடனே நிறுங்கள். ஊற வைக்க 5 மணி நேரம் கொதிக்க விடுவது பழைய வழி. வெற்றிடக் கலனில் முதலில் காற்றை உறிஞ்சி, பிறகு நீரை விட்டால் வகுப்பு நேரத்துக்குள் முடியும். மூழ்கிய எடை எடுக்கும்போது கம்பியில் குமிழி ஒட்டாமல் இருக்க நீரில் ஒரே ஒரு சொட்டு சோப்பு நீர்மம்.

---

படிகஎல்லை:

ஓர வெடிப்பு அழுத்தத்தால் வந்ததல்ல, ஏற்றும் வேகத்தால் வந்ததாக இருக்கும். பிவிஏ எரிந்து போவது பெரும்பாலும் 200 முதல் 500 டிகிரிக்குள். அங்கே 5 டிகிரி வேகம் அதிகம். வாயு வெளியேற வழியில்லாமல் வில்லையைப் பிளக்கும். 600 வரை நிமிடத்துக்கு 2 டிகிரி, அங்கே 1 மணி நேரம், பிறகு 1550 வரை 5, அங்கே 2 மணி நேரம். 30 டிகிரியிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ 11 மணி நேரம், ஆறுவது தனி. வில்லைக்கு அடியில் அதே அலுமினாப் பொடியைத் தூவுங்கள். ஒட்டிக்கொண்டால் சுருங்க முடியாமல் அடியிலிருந்து வெடிக்கும். 55 சதவீதப் பச்சை அடர்த்தி (சுடுமுன் உள்ள அடர்த்தி) 98 ஆகும்போது நீளவாட்டில் 17.5% சுருக்கம்: 13 மி.மீ. வில்லை 10.7 மி.மீ. ஆகிவிடும்.

3 மணி நேரத்தில் இதெல்லாம் முடியாது என்பதால், ஒவ்வொரு வகுப்பும் முந்தைய பிரிவு செய்ததை எடுத்துத் தொடரட்டும். இன்று அழுத்துபவர் போன வாரம் வேறொருவர் அழுத்திச் சுட்டதை நிறுக்கட்டும். வெய்புல் புள்ளியியலை (உடையும் வலிமை எவ்வளவு சிதறுகிறது என்று பார்க்கும் முறை) கற்பிக்க உங்கள் வில்லைகளை வீணாக்க வேண்டாம். கரும்பலகைச் சாக்பீஸ் 30, இரண்டு தாங்கிகள், நடுவில் தொங்கும் வாளி, உடையும் வரை அதில் கொட்ட மணல். வலிமையை ஏறுவரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் (வரிசை எண் − 0.5) ÷ 30 என்று நிகழ்தகவு கொடுத்தால் போதும்.

ஆய்வுக்கு: அலுமினா இறுக உதவும் மக்னீசியாவை (மக்னீசியம் ஆக்சைடு) சேர்த்ததும் சேர்க்காததும் என்று ஒப்பிட நினைத்தால், முதலில் பொடியின் பகுப்பாய்வுத் தாளைப் பாருங்கள். 99.8% வகைப் பொடிகள் பலவற்றில் 0.05% அளவில் மக்னீசியா ஏற்கனவே இருக்கும். ஒப்பீட்டுக்கு 99.99% பொடி வேண்டும். 100 கிராமுக்கு 0.05 கிராம் மக்னீசியா என்றால் ஆறு நீர்மூலக்கூறுள்ள மக்னீசியம் நைட்ரேட் 0.318 கிராம், எத்தனாலில் கரைத்துப் பொடியோடு கலக்கி, உலர்த்தி, 700 டிகிரியில் சிதைக்க வேண்டும். மக்னீசியா சேர்ப்பது ஜெனரல் எலக்ட்ரிக்கில் ராபர்ட் கோபிள் கண்ட வழி; ஒளி ஊடுருவும் அலுமினா அப்படித்தான் சோடியம் விளக்குக்குள் போனது.

சுட்ட வில்லைக்குள் படிகங்களின் எல்லை பார்க்க 1 மைக்ரான் வைரப் பசை வரை மெருகேற்றி, 1450 டிகிரியில் 30 நிமிடம் வெப்ப அரிப்பு. படிக அளவுக்கு, கோட்டு வெட்டு நீளத்தை (படத்தில் வரைந்த கோடு ஒரு படிகத்துக்குள் செல்லும் சராசரி நீளம்) 1.56 ஆல் பெருக்குங்கள். பெருக்கினீர்களா இல்லையா என்பதையும் எழுதி வையுங்கள்.

மாணவர் அளவுகளைச் சிதறல் காட்ட மட்டும் வையுங்கள். 24 கைகள் அழுத்திய வில்லைகளின் சிதறல் உங்கள் முறை எவ்வளவு உறுதியானது என்பதற்கு நல்ல சான்று. கட்டுரையின் அடர்த்தி வளைவுக்கு அதைக் கலக்காதீர்கள். பொடியின் தொகுதி எண், டையின் எண், உலைத் தட்டில் வில்லை இருந்த இடம் ஆகியவை ஒவ்வொரு வரியிலும் இருக்கட்டும்.

---

புதுஉலை:

அளவி டன்தான் காட்டுகிறது, 370 மெகாபாஸ்கல் உறுதி. ஆர்க்கிமிடிஸுக்கு இரண்டு எடைதான் எடுத்திருந்தோம். பகுப்பாய்வுத் தாளில் மக்னீசியா 0.04%. அப்படியானால் அந்தப் பொடி வகுப்புக்கு, ஆய்வுக்கு வேறு. உலையில் காட்டும் 1550 உண்மையா என்று எப்படிப் பார்ப்பது?

சூளைக்கல்:

வெப்ப அளவு வளையங்கள் (பட்ட வெப்பத்துக்கேற்பச் சுருங்கும் செராமிக் வளையங்கள்) கிடைக்கும், தட்டின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் ஒவ்வொன்று வையுங்கள். சுட்ட பிறகு விட்டத்தை மைக்ரோமீட்டரில் அளந்து அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். தெர்மோகப்பிள் (உலையின் வெப்ப உணரி) முனை இருக்கும் உயரமும் வில்லை இருக்கும் உயரமும் வேறு என்றால் வித்தியாசம் வரத்தான் செய்யும். மூலைகள் ஒத்துவராவிட்டால் நடுவில் உள்ள வில்லைகளை மட்டும் ஆய்வுக்கு எடுங்கள்.