சர்க்கரை நோயும் உடல் பருமனும் குடல் புற்றுநோயைக் கொண்டுவருமா?

செம்பருத்தி:
சுகர் உள்ளவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய 20 முதல் 30 சதவீதம் அதிகம் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்குகள் சொல்கின்றன. பருமனில் சந்தேகமே இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, கூடுதல் கொழுப்போடு தொடர்புள்ள 13 புற்றுநோய்களில் இதையும் 2016-லேயே சேர்த்துவிட்டது. நாமோ சுகர் என்றால் கண், கால், சிறுநீரகத்தோடு நிறுத்திவிடுகிறோம்.

கருங்குயில்:
சதவீதம் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். 100 பேரில் 4 பேருக்கு வரும் நோய் என்று வைத்துக்கொண்டால், 30 சதவீதம் கூடினாலும் 5 பேரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். புகை, மது, உடலுழைப்பே இல்லாத வாழ்க்கை இரண்டு நோயையும் கொண்டுவரும். பழி மட்டும் சுகர் மேலா?

செம்பருத்தி:
அவற்றைக் கழித்துப் பார்த்தாலும் தொடர்பு மறையவில்லையே. வயிற்றில் கொழுப்பு சேர்ந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. ஈடுகட்ட உடல் இன்னும் அதிகமாகச் சுரக்கும். செல்களை வளரத் தூண்டுவதும் இன்சுலின்தான். குடலின் உட்சுவரில் பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சி இருந்தால் அதற்கு உரம் போட்ட மாதிரி.

கருங்குயில்:
இதைப் படித்துவிட்டு நாளைக்கே யாராவது இன்சுலின் ஊசியை நிறுத்துவார்கள். என் கவலையே அதுதான்.

நிலாமுற்றம்:
நிறுத்தவே கூடாது. ஆரிஜின் என்ற சோதனையில் 12,500-க்கும் மேற்பட்டவர்களை ஆறு ஆண்டுகள் கவனித்தார்கள். கிளார்ஜின் என்ற இன்சுலின் ஊசி போட்டவர்களுக்குப் புற்றுநோய் கூடவில்லை என்று 2012-ல் முடிவு வந்தது. மரபணு வழி ஆய்வுகளிலும் பருமனும் உடலில் இன்சுலின் மிகுவதும்தான் காரணமாகத் தெரிகின்றன, இரத்தச் சர்க்கரை அவ்வளவாக இல்லை. கருங்குயில் சொல்வதில் பாதி சரி.

கருங்குயில்:
அப்புறம் என்ன? சுகர்காரர்கள் எல்லாரும், குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபிக்கு ஓட வேண்டுமா?

செம்பருத்தி:
அப்படிச் சொல்லவில்லை. பரிசோதனைக்கான வயது வந்தால் தள்ளிப்போடாதீர்கள் என்கிறேன். சுகர் இருப்பவர்களிடம் அறிகுறிகள் மறைந்துபோகின்றன. எடை குறைந்தால் ‘சுகர் உடம்பு, இளைக்கத்தான் செய்யும்’ என்போம். வயிற்றுப்போக்கு என்றால் மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை மேல் பழி போடுவோம். மலத்தில் இரத்தம் வந்தால் மூலம் என்று நாமே முடிவு செய்வோம். பாலிப் புற்றாக மாறப் பெரும்பாலும் பல ஆண்டுகள் ஆகும், அதற்குள் கண்டால் அந்தப் பரிசோதனையிலேயே எடுத்துவிடலாம்.

கருங்குயில்:
சுகரைத் தனிக் குற்றவாளி ஆக்குவதை இன்னும் நான் ஏற்கவில்லை. ஆனால் அப்பா பத்து வருடமாக அதே மாத்திரைதான் போடுகிறார், வயிற்றுப்போக்கு இந்த இரண்டு மாதமாகத்தான். டாக்டரிடம் இதைச் சொல்லவே இல்லை. நாளைக்கு அழைத்துப் போகிறேன்.