நீட்டினால் தசை நீளுமா, முறுக்கு தளருமா?

முல்லைக்கொடி:
நான்கு மாதமாக இரவில் படுக்கப் போகும் முன் பின்தொடைத் தசையை நீட்டி வருகிறேன். தொடங்கியபோது குனிந்தால் விரல் நுனி முழங்காலைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். நேற்று இரண்டு உள்ளங்கைகளும் தரையில் பதிந்தன. இதை உடற்பயிற்சிக் கூடத்தில் சொன்னால், "நீட்டி நீட்டித் தசையைத் தொளதொளவென்று ஆக்கிக்கொள்ளாதே, டோன் போய்விடும்" என்கிறார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. தசை நீண்டிருக்கிறது, இறுக்கம் குறைந்திருக்கிறது. இதில் கெடுதல் எங்கே வந்தது? மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கலாம்.

எடைக்கல்:
நான் மறுக்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகளாக எடை தூக்குகிறவன் நான். குந்தி எழும் பயிற்சிக்கு முன்பு தொடையை இரண்டு நிமிடம் இழுத்துப் பிடித்த நாட்களிலெல்லாம், வழக்கமாகத் தூக்கும் எடையே கனத்தது. அசையாமல் நீண்ட நேரம் நீட்டிப் பிடித்தால் தசையின் வலிமை உடனே குறைகிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. ரப்பர் பட்டையைத் தினமும் இழுத்துக்கொண்டிருந்தால் அது என்ன ஆகும்? தொய்ந்துபோகும். தசையும் அப்படித்தான்.

கெண்டைச்சதை:
பிசியோதெரபி என் தொழில் என்பதால் பேசுகிறேன். நீங்கள் இருவரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வேறு வேறு பொருளைப் பற்றி வாதிடுகிறீர்கள். கூடத்தில் 'டோன்' என்றால் தசை திரண்டு, கைக்குக் கெட்டியாகப் படுவது. அது தசையின் பருமனையும் அதன்மேல் படிந்த கொழுப்பின் அளவையும் பொறுத்தது. இரவில் சில நிமிடம் நீட்டுவதால் அது கூடவும் போவதில்லை, குறையவும் போவதில்லை. மருத்துவத்தில் டோன் என்றால் ஓய்வில் இருக்கும் தசையை வேறொருவர் அசைக்கும்போது அது காட்டும் எதிர்ப்பு. ஆரோக்கியமான ஒருவர் முழுமையாகத் தளர்ந்து படுத்திருக்கும்போது தசையில் மின்முனை வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய எந்த மின் செயல்பாடும் இருக்காது. ஆகவே நீட்டித் தளர்த்த வேண்டிய முறுக்கு என்று அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை.

எடைக்கல் சொன்ன வலிமைக் குறைவு உண்மைதான். ஆனால் அளவைப் பாருங்கள். 2016இல் வந்த விரிவான தொகுப்பாய்வின்படி (பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்ப்பது), ஒரு தசையை ஒரு நிமிடத்துக்குக் குறைவாக நீட்டினால் இழப்பு சராசரியாக 1 சதவீதத்தை ஒட்டியது. அதற்கு மேல் பிடித்தால் 4 முதல் 5 சதவீதம். அதுவும் சிறிது நேரத்துக்குத்தான். எடை தூக்கும் முன் நீண்ட நேரம் நீட்ட வேண்டாம் என்பது சரி. நீட்டவே கூடாது என்பது சரியில்லை.

முல்லைக்கொடி, உங்களிடமும் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. உங்கள் தசை நீண்டுவிட்டது என்று எப்படித் தெரியும்?

முல்லைக்கொடி:
கை தரையைத் தொடுகிறதே ஐயா, வேறென்ன சான்று வேண்டும்?

கெண்டைச்சதை:
கை தரையைத் தொட்டது உண்மை. எதனால் என்பதுதான் கேள்வி. 1996இல் டென்மார்க்கில் ஒரு சோதனை செய்தார்கள். மூன்று வாரம் ஒரு காலின் பின்தொடையை மட்டும் நீட்டச் சொல்லி, மற்றக் காலை ஒப்பிட்டுப் பார்க்க அப்படியே விட்டார்கள். நீட்டிய கால் முன்பைவிட அதிகக் கோணம் விரிந்தது. ஆனால் பழைய கோணத்தில் நிறுத்தி, தசை எவ்வளவு விசையோடு எதிர்க்கிறது என்று கருவியால் அளந்தபோது அதில் மாற்றமே இல்லை. தசை பழைய தசைதான். "போதும், நிறுத்து" என்று அந்த மனிதர் சொல்லும் எல்லைதான் தள்ளிப் போயிருந்தது. இழுப்பைப் பொறுத்துக்கொள்ள நரம்பு மண்டலம் பழகிக்கொள்கிறது. சில வாரப் பயிற்சியில் கிடைக்கும் நெகிழ்வில் பெரும்பங்கு இதுதான்.

எடைக்கல்:
அப்படியென்றால் என் வாதம்தானே வலுக்கிறது? தசையில் எதுவும் மாறவில்லை, வலிக்கு மட்டும் பழகியிருக்கிறார். மூட்டை அதன் அசைவின் எல்லைவரை முழுமையாக மடக்கி நீட்டி எடைப்பயிற்சி செய்தாலே நீட்டுவதற்கு இணையான நெகிழ்வு கிடைக்கிறது என்று 2021இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. அதில் வலிமையும் சேர்ந்தே வருகிறது. பிறகு நீட்சிக்குத் தனியாக எதற்கு நேரம்?

முல்லைக்கொடி:
எடை பிடிக்காதவர்களும் இருக்கிறார்கள் அண்ணா. அந்த நேரம் எனக்கு மிகவும் பிடித்தமானது. மூச்சு நிதானமாகிறது, நன்றாகத் தூங்குகிறேன். உங்கள் ரப்பர் உவமையையும் நான் ஏற்கவில்லை. 2022இல் ஜெர்மனியில் கெண்டைச் சதையை ஒரு கருவியில் பூட்டி, தினமும் ஒரு மணி நேரம் வீதம் ஆறு வாரம் நீட்டியிருக்கிறார்கள். வலிமையும் கூடியது, தசையின் தடிமனும் கூடியது. ரப்பர் அப்படி வளருமா?

கெண்டைச்சதை:
நல்ல எடுத்துக்காட்டு. தசை உயிருள்ள பொருள். 1970களில் பூனையின் காலை நீட்டிய நிலையிலேயே மாவுக்கட்டுப் போட்டு வாரக்கணக்கில் வைத்தபோது, தசை நாரில் சார்கோமியர்கள், அதாவது சுருங்கி விரியும் மிகச் சிறு அலகுகள், வரிசையாகச் சேர்ந்து ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடின. சுருங்கிய நிலையில் கட்டியபோது 40 சதவீதம் குறைந்தன. தசை நீளத்தான் செய்யும். ஆனால் அங்கே இரவும் பகலும் இழுப்பு இருந்தது. இரவில் சில நிமிட நீட்டலோடு அதை ஒப்பிட முடியாது.

மழைநிழல்:
குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. வலது கை முட்டியாக மூடிக்கொண்டேயிருக்கும். தினமும் நீட்டினால் முறுக்கு போய்விடும் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். ஒரு நாள் விடாமல் நீட்டுகிறேன். போகவில்லை. நான் சரியாகச் செய்யவில்லையோ என்று அழுத நாட்கள் உண்டு. பழைய தசைதான், மாற்றமில்லை என்று நீங்கள் எழுதுவதைப் படித்தால், இத்தனை நாள் வீணா?

கெண்டைச்சதை:
அம்மா, தவறு உங்களுடையது அல்ல. அந்த வாக்குறுதியை உங்களுக்குக் கொடுத்திருக்கவே கூடாது. திடீரென்று நீளும் தசை தானாகவே சுருங்கும். முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டினால் கால் துள்ளுவது அதனால்தான். பக்கவாதத்தில் அந்த அனிச்சையை மூளை அடக்கி வைக்க முடியாமல் போகிறது. உங்கள் அப்பாவின் முறுக்கு அங்கிருந்து வருகிறது, தசையின் நீளத்திலிருந்து அல்ல. மருத்துவச் சோதனைகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017இல் வெளியிட்ட ஆய்வு 49 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. நரம்புப் பாதிப்பு உள்ளவர்களுக்கு ஏழு மாதத்துக்கு உட்பட்ட நீட்சி மூட்டின் அசைவைச் சொல்லும்படி கூட்டவில்லை என்பதே அதன் முடிவு. முறுக்கு மிகுந்து தொல்லை தந்தால் மருந்து, தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி போன்ற வழிகள் இருக்கின்றன. நரம்பியல் மருத்துவரிடம் அதைக் கேளுங்கள்.

எடைக்கல்:
அப்படியானால் அவர்கள் நீட்டுவதை நிறுத்திவிடலாமா? இந்த இடத்தில் எனக்கு 'ஆம்' என்று சொல்ல மனம் வரவில்லை.

மழைநிழல்:
நிறுத்த மாட்டேன். வெடுக்கென்று இழுத்தால் கை இன்னும் இறுகும், அது எனக்கே தெரிந்துவிட்டது. முதலில் மணிக்கட்டை உள்பக்கமாக மெதுவாக மடக்குவேன். விரல்கள் கொஞ்சம் விடும். பிறகு கட்டைவிரலைத் தள்ளி, ஒவ்வொரு விரலாகத் திறப்பேன். கை கொஞ்ச நேரம் திறந்திருக்கும். அதற்குள் உள்ளங்கையைத் துடைத்து, ஈரம் போக உலர்த்தி, நகம் வெட்டிவிடுவேன். முன்பு நகம் குத்திப் புண்ணாகிக்கிடந்த இடம் இப்போது ஆறியிருக்கிறது.

கெண்டைச்சதை:
அதையே தொடருங்கள். மணிக்கட்டை மடக்கும்போது விரல் நாண்கள் தளர்கின்றன, அதனால்தான் கை திறக்கிறது. துடைத்த பிறகு உருட்டிய மென்துணி ஒன்றைக் கைக்குள் வைத்துப் பாருங்கள். நகம் தோலில் படாது.