சம்மன் 300, அதற்கு மேல் லேட் சார்ஜ் 50. கடிதத்தைக் கண்ணிலேயே காட்டாமல் சம்பளத்தில் பிடிக்கலாமா?

சிப்புட் வேன்காரன்:

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். சுற்றுவட்டார எஸ்டேட்டுகளுக்கு உரம், மருந்து, மெஷின் சாமான் கொண்டுபோய் இறக்கும் ஒரு கம்பெனியில் ஆறு வருஷமாக வேன் ஓட்டுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம், ஊர் சின்னது.

ஜனவரி முதல் வாரம் கோலகங்சாரில் சாமான் இறக்கிவிட்டு, ஈப்போவில் வேறு சாமான் ஏற்ற நெடுஞ்சாலையில் வந்தேன். மெனோரா மலைப்பாதையில் 80தான் போகவேண்டும் என்று எனக்கும் தெரியும். ஆனால் இறக்கம், காலி வேன், பின்னால் ஒரு பஸ் முட்டுகிற மாதிரி வந்தது, கால் கொஞ்சம் அழுந்திவிட்டது. 104 என்று கேமரா பிடித்துவிட்டது. ஓட்டியது நான்தான், அதில் எனக்கு வாதமே இல்லை.

வாதம் எங்கே என்றால், இந்த வேக அபராதச் சம்மன் வந்த விஷயமே எனக்கு மார்ச் சம்பளச் சீட்டைப் பார்த்துத்தான் தெரியும். "சம்மன் 300" என்று ஒரு வரி, அதற்குக் கீழே "லேட் சார்ஜ் 50" என்று இன்னொரு வரி, ஆக 350 வெள்ளி போய்விட்டது. ஆபிஸில் போய்க் கேட்டால், கடிதம் ஜனவரியிலேயே வந்துவிட்டதாம், மற்றக் கடிதங்களோடு தட்டில் கிடந்ததாம், கணக்குப் பார்க்கிறவர் தைப்பூசத்தோடு சேர்த்து லீவு போட்டிருந்தாராம், கடைசியில் மார்ச் 4ஆம் தேதி கட்டினார்களாம். நோட்டீஸில் போட்டிருக்கிற தேதி ஜனவரி 12. புது முறைப்படி 15 நாளுக்குள் கட்டியிருந்தால் பாதிதானே, 150 வெள்ளியோடு முடிந்திருக்கும். இதை மேனேஜரிடம் சொன்னேன். "உன் தப்பு, உன் சம்மன், கம்பெனி கைக்காசு போட்டுக் கட்டியிருக்கிறது, அந்த 50 ஆபிஸ் வேலைக்கு" என்று முடித்துவிட்டார்.

இப்போது நான் போய் சம்மன் கவுண்டரில் அப்பீல் பண்ணினால் மிச்சத்தைத் திருப்பித் தருவார்களா? இல்லை கம்பெனியோடுதான் மல்லுக்கட்ட வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தைப்பிங் லோரி மாமா:

தம்பி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே. 80 இடத்தில் 104. காலி வேன், பின்னால் பஸ் என்பதெல்லாம் நாம் டீக்கடையில் சொல்லிக்கொள்கிற கதை, நானும் முப்பது வருஷம் சொன்னவன்தான். அந்த இறக்கத்தில் எத்தனை லோரி கவிழ்ந்து பார்த்திருக்கிறேன். ஆகவே 150 உன் பணம், அதைச் சந்தோஷமாகக் கொடு.

ஆனால் 50 வெள்ளி லேட் சார்ஜ் என்பதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. லேட் பண்ணியது யார்? கடிதத்தைத் தட்டில் ஊறவைத்தவர்களே உன்னிடம் தாமதக் கட்டணம் வாங்குவது, பந்தியில் குழம்பைக் கொட்டியவனே வேட்டி துவைக்கக் கூலி கேட்கிற மாதிரி இருக்கிறது.

கிராணி வீட்டுப் பிள்ளை:

நான் ஒரு எஸ்டேட் ஆபிஸில்தான் வேலை, எங்கள் வண்டிகளுக்கு வரும் சம்மனெல்லாம் என் மேசைக்குத்தான் வரும், அதனால் அந்தப் பக்கத்துக் கதையையும் கொஞ்சம் சொல்கிறேன்.

கேமரா சம்மன் ஓட்டியவர் பெயரில் வராது. வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர்களுக்குத்தான் வரும். ஆகவே நீங்கள் உங்கள் கைத்தொலைபேசியில் சம்மன் பார்க்கிற மைஜேபிஜே, மைபயார் செயலிகள் இரண்டையும் தினமும் திறந்து பார்த்திருந்தாலும் உங்கள் அடையாள அட்டை எண்ணில் ஒன்றும் தெரிந்திருக்காது. "நீ ஏன் செக் பண்ணவில்லை" என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள். பார்க்கக்கூடிய இடத்தில் இருந்தது கம்பெனி மட்டும்தான். சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 115ஆவது பிரிவுப்படி வண்டியை அன்று யார் ஓட்டினார் என்று கேட்டால் உரிமையாளர் சொல்லவேண்டும், அதற்குத்தான் நாங்கள் ஓட்டுநர் புத்தகம் வைத்திருக்கிறோம்.

புது முறை 2026 ஜனவரி 1ஆம் தேதியிலிருந்து போலீஸ், ஜேபிஜே என்கிற சாலைப் போக்குவரத்து இலாகா இரண்டுக்கும் ஒன்றுதான். 15 நாளுக்குள் கட்டினால் பாதி. 16ஆவது நாளிலிருந்து 30ஆவது நாள் வரை 33 விழுக்காடு கழிவு, அதாவது 300க்கு 201 வெள்ளி. அப்புறம் 60 நாள் வரை முழுத்தொகை. அதையும் தாண்டினால் கோர்ட். முன்பெல்லாம் வருஷக் கடைசியில் பெரிய கழிவு போடுவார்கள் என்று காத்திருந்து கட்டிப் பழகிவிட்டோம், ஆபிஸ்காரர்களும் அதே பழக்கத்தில் கடிதங்களைச் சேர்த்துவைக்கிறார்கள். இப்போது அது செல்லாது. உங்கள் கணக்குப்படி ஜனவரி 27க்குள் 150, பிப்ரவரி 11க்குள் 201. மார்ச் 4 என்பது 51ஆவது நாள், அதனால்தான் 300 கட்டியிருக்கிறார்கள்.

ஆக, அரசாங்கம் உங்களிடம் தாமதக் கட்டணம் என்று ஒரு காசும் வாங்கவில்லை. 300தான் முழுத்தொகை, கழிவு தவறிப்போயிற்று, அவ்வளவுதான். கட்டி முடித்த சம்மனுக்குக் கவுண்டரில் போய் "கடிதம் என் கைக்கு வரவில்லை" என்று நின்றால், கடிதம் போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதே என்பார்கள், அதுவும் நியாயம்தானே. அந்த 50 முழுக்க முழுக்க உங்கள் கம்பெனி கண்டுபிடித்தது. சண்டை அங்கேதான்.

சிப்புட் வேன்காரன்:

நன்றி அண்ணே. அப்போது கட்டாமல் இருந்திருந்தால் கோர்ட்டுக்குப் போய் மாஜிஸ்திரேட்டிடமே சொல்லியிருக்கலாமோ என்று ஒரு நண்பர் சொல்கிறார்.

கிராணி வீட்டுப் பிள்ளை:

அந்த நண்பரைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள். கேமரா தவறாகப் பிடித்தது, வண்டி எண் வேறு, அன்று வண்டி பட்டறையில் கிடந்தது என்று ஏதாவது இருந்தால் கோர்ட்டுக்குப் போகலாம். நீங்கள்தான் 104 என்று இங்கேயே எழுதிவிட்டீர்களே. வேக வரம்பை மீறியது கோர்ட்டில் நிரூபணமானால் அபராதம் குறைந்தது 300, கூடியது 2000 வெள்ளி. 150 மிச்சம் பிடிக்கப் போய் ஒருநாள் சம்பளத்தையும் விட்டு வரவேண்டும்.

தெலுக் இந்தான் அக்கா:

தம்பி, நான் ஒரு தொழிற்சாலையில் சம்பளக் கணக்குப் பிரிவில் பதினோரு வருஷம் இருந்தவள். எல்லோரும் சம்மனைப் பற்றியே பேசுகிறீர்கள், எனக்கு உன் சம்பளச் சீட்டுத்தான் கண்ணில் படுகிறது.

1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் 24ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சம்பளத்திலிருந்து எதையெல்லாம் பிடிக்கலாம் என்று அதில் எழுதியிருக்கிறது, அதில் இல்லாததை முதலாளி தன் இஷ்டத்துக்குப் பிடிக்கக்கூடாது. தவறுதலாகக் கூடக் கொடுத்த சம்பளம், அதுவும் கடந்த மூன்று மாதத்துக்குள் கொடுத்தது என்றால் பிடிக்கலாம். வட்டியில்லாமல் கொடுத்த முன்பணத்தைப் பிடிக்கலாம். ஈபிஎஃப் சேமநிதி, சொக்சோ காப்புறுதி மாதிரி வேறு சட்டம் சொல்வதைப் பிடிக்கலாம். உனக்காக வேறொருவருக்குக் கட்டிய பணத்தைப் பிடிப்பது என்றால், நீ எழுத்தில் கேட்டிருக்கவேண்டும், தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் முன்கூட்டியே அனுமதியும் கொடுத்திருக்கவேண்டும். நீ ஏதாவது கையெழுத்துப் போட்டாயா? வேலைக்குச் சேர்ந்த அன்று நீட்டிய பாரத்தில் "சம்மன் வந்தால் ஓட்டுநர் பொறுப்பு" என்று ஒரு வரி இருக்கிறதா என்று பார். இருந்தாலும் அதற்காக ஆபிஸ் தாமதமும் உன் பொறுப்பு ஆகிவிடாது.

"லேட் சார்ஜ்" என்பதும் "ஆபிஸ் வேலைக்கு" என்பதும் அந்தப் பட்டியலில் எங்கேயும் கிடையாது. முதலில் அந்த 50ஐக் கேள், அதற்கு அவர்களிடம் பதில் இருக்காது. 50 தளர்ந்தால் 150 தானாகத் தளரும். நான் பார்த்தவரை ஆபிஸ்காரர்கள் சட்டத்தைப் படித்துவிட்டுப் பிடிப்பதில்லை, போன தடவை இன்னொருவனிடம் பிடித்தோம், அவன் வாய் திறக்கவில்லை, உன்னிடமும் பிடிக்கிறோம், இதுதான் அவர்களுடைய சட்டம்.

சிப்புட் வேன்காரன்:

அக்கா, கையெழுத்து எதுவும் போட்ட ஞாபகம் இல்லை. ஆனால் லேபர் ஆபிஸ் என்று போனால் நாளைக்கே வண்டிச் சாவியைக் கேட்டு வாங்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. வீட்டில் இரண்டு பேர் இடைநிலைப்பள்ளியில் படிக்கிறார்கள். 350 என்பது எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை, அடிப்படைச் சம்பளம் 1,700தான், மற்றதெல்லாம் ஓவர்டைம்.

தெலுக் இந்தான் அக்கா:

பயம் நியாயம்தான், எடுத்த எடுப்பில் லேபர் ஆபிஸ் வாசலில் நிற்கச் சொல்லவில்லை. அது கடைசியில். புகார் கொடுக்கப் பணம் வேண்டாம், லாயர் வேண்டாம், 69ஆவது பிரிவின் கீழ் அவர்களே இரு தரப்பையும் கூப்பிட்டு விசாரித்து உத்தரவு போடுவார்கள். இந்தக் கதவு திறந்திருக்கிறது என்று நீ தெரிந்துவைத்திருந்தால் போதும். நீ பேசுகிற தொனியே மாறிவிடும்.

இப்போதைக்கு வாய்ப்பேச்சை நிறுத்து. மேனேஜரோடு நின்றுகொண்டே பேசினால் அவர் குரல்தான் பெரிதாக இருக்கும். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பு, மலாயில் எழுது, மரியாதையாக, சுருக்கமாக. இந்த அர்த்தத்தில் இருக்கட்டும்: "ஐயா, மார்ச் சம்பளத்தில் 350 வெள்ளி பிடித்திருக்கிறீர்கள். வேகமாக ஓட்டியதற்கு 150 வெள்ளி நான் ஏற்றுக்கொள்கிறேன். நோட்டீஸ் தேதி ஜனவரி 12, எனக்கு யாரும் தெரிவிக்கவில்லை. தெரிவித்திருந்தால் 15 நாளுக்குள் கட்டியிருப்பேன். மீதி 200 வெள்ளியை அடுத்த சம்பளத்தில் சேர்த்துத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். நோட்டீஸ், கட்டிய ரசீது இரண்டின் நகலும் வேண்டும்." இவ்வளவுதான். வேறு கோபம், பழைய கதை, ஓவர்டைம் பாக்கி, ஒன்றையும் இதில் சேர்க்காதே.

தைப்பிங் லோரி மாமா:

அக்கா சொன்னது சரி. நான் ஒன்று சேர்க்கிறேன். நகல் கேட்கும்போது கடிதத்தின் மேல் ஆபிஸ் வந்தடைந்த தேதி முத்திரை குத்தியிருக்கிறதா பார். பல ஆபிஸில் வருகிற கடிதத்துக்கெல்லாம் குத்துவார்கள். அந்த முத்திரை ஜனவரி 27க்கு முன்னால் இருந்தால் உன் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு இருந்தால் 150 என்று அடம்பிடிக்காதே, 201க்கு இறங்கிப் பேசு, அதுதான் நேர்மை.

கிராணி வீட்டுப் பிள்ளை:

மாமா சொன்னது ரொம்பச் சரி, முத்திரை தேதிதான் எல்லாமே. இன்னொன்று, இனிமேல் ஆபிஸில் யார் இதைப் பார்க்கிறார்களோ அவரிடம் வாரத்துக்கு ஒருமுறை உங்கள் வண்டி எண்ணைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் இடத்தில் திங்கட்கிழமை காலையில் எல்லா வண்டியையும் பார்த்து ஓட்டுநர் குரூப்பில் போட்டுவிடுகிறேன், இரண்டு நிமிஷ வேலை. யாருக்காவது விழுந்திருந்தால் அன்றைக்கு முழுவதும் குரூப்பில் கிண்டல்தான், அது வேறு விஷயம்.

சிப்புட் வேன்காரன்:

எல்லோருக்கும் நன்றி, ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். அக்கா சொன்னபடி செய்தி அனுப்பினேன். இரண்டு நாள் நீல டிக் மட்டும், பதில் இல்லை. மூன்றாம் நாள் ஆபிஸ் பெண் கூப்பிட்டு நகல் கொடுத்தார். முத்திரை ஜனவரி 20. அவரே அதை விரலால் தொட்டுக் காட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார், பாவம், அவருக்கும் அங்கே பேச வாயில்லை.

மேனேஜர் மாலையில் கூப்பிட்டார். 50 வெள்ளியை ஏப்ரல் சம்பளத்தில் திருப்பித் தருகிறாராம், மற்ற 150ஐத் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், கேட்டுச் சொல்கிறாராம். நான் சரி என்று சொல்லிவிட்டு, அதையும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிடுங்கள் என்றேன். முகத்தைச் சுளித்தார், ஆனால் போட்டுவிட்டார்.

தைப்பிங் லோரி மாமா:

முத்திரையைப் போட்டோ எடுத்து வீட்டம்மா போனுக்கும் ஒன்று அனுப்பிவை. இப்போது மெனோராவில் எத்தனையில் போகிறாய்?

சிப்புட் வேன்காரன்:

அனுப்பிவிட்டேன் மாமா. 78. பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான், அடிக்கட்டும்.