அம்பாசிடர் பின் ஸ்பிரிங்: துருவில் இறுகிய ஷாக்கிள்

கேள்வி: மார்க் 4 வண்டி. லீஃப் ஸ்பிரிங்கைக் கழற்றணும். ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு கட்டும் யு போல்ட் நட் அசையவில்லை, ஸ்பிரிங் முனையைப் பாடியோடு சேர்க்கும் ஷாக்கிளோட பின் ஆணியும் ஒட்டிக்கிடக்கு. சூடு காட்டலாமா?

பதில்: வேண்டாங்க. ஸ்பிரிங் முனையில் இருக்கும் ரப்பர் புஷ் தீப்பற்றிக்கும், எரிபொருள் டேங்கும் பின்னாடிதான். யு போல்ட்டைக் காப்பாற்றப் பார்க்காதீங்க. கிரைண்டரில் அறுத்துப் புதுசா நாலு போடுங்க. நீண்டுபோன பழசு மறுபடி பிடிக்காது.

பதில்: ஷாக்கிள் மரையை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் ஆயிலில் ராத்திரி முழுக்க ஊறவிடுங்க. நட்டை முதலில் லேசாக இறுக்கி, 'டிக்'கென்று துரு விட்டதும் கழற்றுங்க. முரட்டுத்தனமா இழுத்தால் மரை உரிஞ்சிடும். அப்படியும் வராத பின் ஆணியை, ஷாக்கிள் தட்டுக்கும் ஸ்பிரிங் கண்ணுக்கும் (முனை வளையம்) நடுவே ஹேக்ஸா பிளேடால் அறுக்கணும். பொறுமை வேணும்!

பதில்: பாடிக்கு ஸ்டாண்ட், ஆக்ஸிலுக்குத் தனி ஜாக். மாட்டும்போது புஷ் நட்டின் கடைசி இறுக்கு வண்டி தரையில் நின்ற பிறகுதான். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கிட்டுக் கிழியும்.